ஒட்டுத்தாடியோடு வந்த சாம்பியன்

அவையோருக்கு வணக்கம்.

1962 செப்டம்பர் 25. சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானம். குத்துச்சண்டையின் உச்ச எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் உலக சாம்பியனாக இருந்த ஃப்ளாய்ட் பேட்டர்சன் அன்று இரவு தன் பொருள்களோடு ஓர் ஒட்டுத்தாடியையும் கொண்டு வந்திருந்தார். தோற்றுவிட்டால் யார் கண்ணிலும் படாமல் வெளியேறுவதற்காக. எதிர்த்து மோதிய சன்னி லிஸ்டன் அவரை 2 நிமிடம் 6 நொடியில் வீழ்த்தினார். பேட்டர்சன் தாடியை ஒட்டிக்கொண்டு, காரில் ஏறி, இரவோடு இரவாக நியூயார்க் நோக்கிப் போய்விட்டார்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்று பேச வந்திருப்பது அந்தச் சிரிப்பை எதிர்த்துத்தான்.

முதலில் எடையைப் பாருங்கள். பேட்டர்சன் 189 பவுண்டு, லிஸ்டன் 214. மற்ற எடைப்பிரிவுகளில் இப்படி ஒரு சண்டை நடக்கவே முடியாது, தராசு தடுத்துவிடும். ஹெவிவெயிட்டில் மட்டும் மேல்வரம்பு கிடையாது. இன்றாக இருந்தால் பேட்டர்சன் 200 பவுண்டுக்கு உட்பட்ட க்ரூசர்வெயிட் பிரிவில் ஆடியிருப்பார். அன்று அப்படி ஒரு பிரிவே இல்லை. அதைவிடக் கொடுமை கைகளின் அளவு. இரு கைகளையும் விரித்தால் லிஸ்டனுக்கு 84 அங்குலம், பேட்டர்சனுக்கு 71. உயரத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பேட்டர்சன் குத்த வேண்டுமென்றால் லிஸ்டனின் கைகளுக்குள் புகுந்தாக வேண்டும். புகுந்தார். அங்கேயே சிக்கிக்கொண்டார்.

அவருடைய குரு கஸ் டமாட்டோ இதை முன்பே அறிந்திருந்தார். லிஸ்டனோடு மோத வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர் அவர். அச்சத்தைப் பற்றி அந்த மனிதரைப் போல யோசித்த பயிற்சியாளர் குத்துச்சண்டையில் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். அச்சம் நெருப்பைப் போன்றது, கட்டுக்குள் இருந்தால் சோறு சமைக்கும், மீறினால் வீட்டை எரிக்கும் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் அவரிடம் வளர்ந்தவர்தான் மைக் டைசன். அந்த டைசனே ஓர் இளையோர் போட்டிக்கு முன்னால் பயிற்சியாளரின் தோளில் சாய்ந்து அழுதது படமாகப் பதிவாகியிருக்கிறது. உலகமே கண்டு நடுங்கிய ஆளுக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது.

அப்படியென்றால் பேட்டர்சனை லிஸ்டன் முன்னால் நிறுத்தியது எது? அவருடைய மனச்சாட்சி. முறைப்படி அடுத்த வாய்ப்பு லிஸ்டனுக்கு உரியது என்று அவர் நம்பினார். லிஸ்டன் கொள்ளைக் குற்றத்துக்காக மிசௌரி சிறையில் இருந்தவர். குத்துச்சண்டை கற்றதே அங்கேதான். நியூயார்க்கின் குத்துச்சண்டை ஆணையம் அவருக்கு உரிமம் தர மறுத்தது. அதனால்தான் சண்டை சிகாகோவுக்குப் போனது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர்களிலேயே பலர் லிஸ்டன் சாம்பியனாவதை விரும்பவில்லை. வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியும் பேட்டர்சனிடம் லிஸ்டனை வென்றாக வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நல்லவன், கெட்டவன் என்று இரண்டு கறுப்பின இளைஞர்களுக்கு நாடே வேடம் கட்டிவிட்டது. ஒருவரை நல்லவராக நிறுத்தி அவர் தலையில் இத்தனை பேரின் பாரத்தையும் ஏற்றினார்கள். இன்னொருவரின் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் அவரைக் குற்றவாளியாகவே பார்த்தார்கள். இரண்டுமே அநியாயம். லிஸ்டன் வென்றார், மக்கள் மட்டும் அவரைக் கொண்டாடவில்லை.

பேட்டர்சன் பயந்தாரா? பயந்தார். 1964இல் ஒரு பேட்டியில் தன்னைக் கோழை என்று அவரே சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது அந்தப் பேட்டியை அறிந்த பிறகுதான். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1959 ஜூனில் சுவீடனின் இங்கெமார் யோஹான்சன் ஒரே சுற்றில் அவரை ஏழு முறை தரையில் தள்ளினார். ஒவ்வொரு முறையும் எழப் பார்த்தார். நடுவர்தான் சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அதே யோஹான்சனை வீழ்த்தி, இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதரானார். கோழை செய்கிற காரியமா இது?

சிகாகோவுக்குப் பின் அவர் ஒதுங்கியிருக்கலாம். பட்டமும் போயிருந்தது, தாடிக் கதையும் பரவியிருந்தது. எடையில் பெரிய மாற்றமில்லை, கைகள் நீளப்போவதில்லை, என்ன நடக்கும் என்று இப்போது அவருக்கு உடம்பிலேயே தெரியும். ஆனாலும் லிஸ்டனோடு மறுபடியும் மோத நாள் குறித்துக் கையெழுத்திட்டார். 1963 ஜூலை 22, லாஸ் வேகாஸ். மணி அடித்தது. மூன்று முறை விழுந்தார், இரண்டு முறை எழுந்தார். மூன்றாம் முறை நடுவர் பத்து எண்ணி முடித்தபோது ஆகியிருந்த நேரம் 2 நிமிடம் 10 நொடி. சிகாகோவைவிட நான்கு நொடி அதிகம்.