கேள்வி கேட்டால் “அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்கிறார்களா?

[திரையில்: சங்கீதம் 105:15]

“நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்.” இந்த வசனத்தைச் சொல்லி யாராவது உங்கள் வாயை அடைத்திருக்கிறார்களா? என் வாயை அடைத்திருக்கிறார்கள்.

எனக்கு நெருக்கமான ஒரு அக்கா, பல வருஷமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஊழியர் ஒருவர் தலையில் கை வைத்து, “சுகமாகிவிட்டது, இனி ஊசி போட்டால் அது அவிசுவாசம்” என்று சொல்லிவிட்டார். அன்று இரவே பிரிட்ஜ் கதவில் வரிசையாக இருந்த மருந்துக் குப்பிகளை எடுத்துக் குப்பையில் போட்டார் அக்கா. மூன்றாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு, அவசர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார், தேவனுக்கு நன்றி. அப்புறம் அந்த ஊழியரிடம் போய், “ஏன் அப்படிச் சொன்னீர்கள் ஐயா?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பதிலாக வந்தது இந்த வசனம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்தேன். 12-ம் வசனத்தைப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் குடும்பம் கொஞ்ச எண்ணிக்கையுள்ள பரதேசிகளாய் ஜனத்தைவிட்டு ஜனத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தைப் பற்றிய பகுதி அது. அவர்களுக்கு நிலம் இல்லை, படை இல்லை, ஆதரவுக்கு ஆள் இல்லை. அவர்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று தேவன் எச்சரித்தது ராஜாக்களை. அதாவது பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. அதை எடுத்து, மேடையில் மைக் பிடித்திருப்பவருக்குக் கேடயமாகவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்குப் பூட்டாகவும் மாற்றியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கொதிக்கிறது.

தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைக்கூட, அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்று தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் 1 சாமுவேல் 24-ல் குகையைவிட்டு வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ராஜாவிடம் நியாயம் கேட்டானே, அதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. அந்தப் பவுலையே பெரோயா பட்டணத்தார் சோதித்தார்கள். அவர் சொல்வது சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களைத் திட்டவில்லை, நற்குணசாலிகள் என்று எழுதினார். அப்போஸ்தலனைச் சோதிக்கலாம், ஆனால் இவரைச் சோதிக்கக்கூடாதாம்.

[திரையில்: எரேமியா 28]

கள்ளப்போதகர் பார்த்தவுடனே தெரிந்துவிடுவார் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எரேமியா தீர்க்கதரிசியின் காலத்தில், தானும் தீர்க்கதரிசி என்று பேசிய அனனியாவைப் பாருங்கள். கிபியோன் ஊர்க்காரன், கர்த்தருடைய ஆலயத்தில் ஆசாரியர்கள் முன்னிலையில் நிற்கிறான், எரேமியா சொல்லுகிற அதே தொடக்கத்தோடு, “கர்த்தர் சொல்லுகிறார்” என்று ஆரம்பிக்கிறான். இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும், பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டுப் போனவர்களும் வந்துவிடுவார்கள் என்கிறான். பிள்ளையைப் பிரிந்து அழுதுகொண்டிருக்கிற ஒரு தாய்க்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! எரேமியா சொன்னதோ 70 வருஷம். யார் பேச்சை நம்ப ஆசை வரும், சொல்லுங்கள்.

எரேமியாவும் முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் சொன்னார். அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக அவர் கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதுகூட அவர் மல்லுக்கட்டவில்லை, தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகுதான் திரும்பி வந்து, “நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தாய்” என்றார். இந்த இடைவெளி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நிமிஷமே முடிவெடு, இன்று இரவே மருந்தைத் தூக்கிப் போடு, இன்றே காணிக்கை கொடு என்று அவசரப்படுத்துகிற குரலைக் கேட்கும்போதெல்லாம், எரேமியா பேசாமல் நடந்து போனது எனக்கு ஞாபகம் வரும்.

“ஆனால் அந்த ஊழியர் சொன்னது அப்படியே நடந்ததே!” இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. உபாகமம் 13 இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: தீர்க்கதரிசி ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தாலும், அவன் உன்னை வேறு தேவர்களிடம் அழைத்தால் கேட்காதே. நடந்ததா என்பதோடு பரீட்சை முடியவில்லை, அவர் நம்மை யாரிடம் கொண்டுபோகிறார் என்றும் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் அவருடைய கூட்டத்துக்குப் போன பிறகு உங்கள் வாயில் இயேசுவின் பெயர் அதிகம் வருகிறதா, அந்த ஊழியரின் பெயரா?

பணமும் பழைய பிரச்சினைதான். டிடாக்கே என்று ஒரு சபை ஒழுங்கு நூல் உண்டு, ரொம்பப் பழையது, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஊர் ஊராக வரும் ஊழியரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் மட்டும் குறை சொல்லாதீர்கள் என்றும் சேர்த்திருக்கிறது. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அதற்காகத் தவறாக ஒன்று சொன்ன எல்லாரையும் ஓநாய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள், அதுவும் ஒரு பாவம்தான். அப்போஸ்தலர் 18-ல் அப்பொல்லோ வருகிறார். சாதுரியவான், வேதத்தில் வல்லவர், ஆவியில் அனலுள்ளவர், ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூட்டத்தின் நடுவில் எழுந்து சண்டை போடவில்லை, தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த ஒரு தம்பதி, அவ்வளவு பெரிய பேச்சாளருக்கு! அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அகாயாவுக்குப் போக விரும்பியபோது, சகோதரர்கள் அவரை ஏற்றுக்கொள்ளும்படி அங்குள்ள சீஷர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்கள்.