பன்னிரண்டு ஆண்டுத் தாமதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1955ஆம் ஆண்டில் டி பியர்ஸ் நிறுவனத்தின் நிலவியலாளர்கள் பெச்சுவானாலாந்து என்னும் பிரிட்டிஷ் காப்புநாட்டில் வைரம் தேடத் தொடங்கினார்கள். மோட்லவுட்சே ஆற்று மணலைச் சலித்தபோது சில சிறு கற்கள் கிடைத்தன. ஆறு பிறக்கும் இடம்வரை சென்றும் அவற்றின் மூலம் அகப்படவில்லை. பழங்காலத்தில் அந்த ஆறு இன்னும் மேற்கே பிறந்து வந்தது என்பதும், நிலம் மேடாக எழும்பி அதன் தலையைத் துண்டித்துவிட்டது என்பதும் பிறகே புலப்பட்டன. மேட்டுக்கு அப்பால் தேடியபோது, 1967இல், ஒராப்பா வைரப்படிவு கிடைத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்நாடு போட்ஸ்வானா என்ற பெயரில் விடுதலை பெற்றிருந்தது.

அந்த மேடு எழும்பாமலே இருந்திருந்தால், ஒராப்பா 1956இலேயே கிடைத்திருந்தால், என்ன நடந்திருக்கும்?

பெச்சுவானாலாந்தைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தென்னாப்பிரிக்கா நெடுங்காலமாகக் கேட்டுவந்தது. தென்னாப்பிரிக்க ஒன்றியத்தை உருவாக்கிய 1909ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் அதற்கு வழியும் வைத்திருந்தது. அங்குள்ள பாங்வாட்டோ மக்களின் தலைமைக்கு உரியவரும் பின்னாளில் போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானவருமான சேரெட்சே காமா 1948இல் ஆங்கிலப் பெண் ஒருவரை மணந்தபோது, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக்கூடாதென்று அவரைச் சொந்த மண்ணை மிதிக்கவிடாமல் 1956 வரை தடுத்து வைத்தது பிரிட்டன். ஒரு திருமணத்துக்கே இவ்வளவு வளைந்துகொடுத்த அரசு, ஒரு வைரச் சுரங்கத்துக்காக நிமிர்ந்து நின்றிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நாடு கைமாறாமல் தப்பியிருந்தாலும், மக்களைக் கேளாத ஒப்பந்தம் ஒன்று அன்றே கையெழுத்தாகியிருக்கும்.

இது வெறும் ஊகமன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த சியரா லியோனில் நடந்தது அதுதான். அங்கே 1930இல் வைரம் கிடைத்தது. 1935இல் ஒரே நிறுவனத்துக்கு 99 ஆண்டு ஏகபோக உரிமை வழங்கப்பட்டது. தன் வயலில் கிடைத்த கல்லைக் கையில் எடுத்த, வைரம் விளையும் கோனோ பகுதியின் விவசாயி சட்டத்தின் முன் திருடன் ஆனார். விடுதலை வருவதற்குள் கள்ளச் சுரங்கமும் கடத்தலும் வேரூன்றிவிட்டன. 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போருக்குத் தீனி போட்டதும் அந்தக் கற்களே.

போட்ஸ்வானாவில் வரிசை மாறி அமைந்தது. கனிம உரிமையை நாட்டுக்கே ஆக்குவோம் என்று காமாவின் கட்சி 1965லேயே அறிவித்திருந்தது. 1967இல் அது சட்டமாயிற்று. ஒராப்பா இருந்ததோ அவருடைய சொந்த பாங்வாட்டோ நிலத்தில்! மரக்கழிகளைப் பிறை வடிவில் நட்ட 'கோட்லா' என்னும் ஊர்மன்றத்தில் தலைவர் முன்னிலையில் குடிகள் எழுந்து பேசும் வழக்கம் அங்கே ஊறியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. தாமதம் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை.

ஆயினும், விடுதலையின்போது போட்ஸ்வானாவில் இருந்தது சுமார் 12 கிலோமீட்டர் தார்ச்சாலை. பட்டதாரிகள் 22 பேர். சியரா லியோனிலோ ஃபூரா பே கல்லூரி 1827 முதல் இயங்கிவந்தது. கோனோவின் வைரம் அந்நாடு விடுதலை பெற்ற 1961க்குப் பின் வெளிப்பட்டிருந்தால், அதற்கான சட்டத்தை எழுதத் தலைநகர் ஃப்ரீடவுனில் ஆளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.