மே மாதத்தைச் சரியாகப் படித்தவர் மேனேஜர்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: "2024-இல் நியூயார்க் மெட்ஸ் மீண்டெழக் காரணம், மேனேஜர் செய்த மாற்றங்களா, தானாகத் திரும்பிய காலமா?" மெட்ஸ் ஒரு பேஸ்பால் அணி; யார், எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவு செய்பவர் மேனேஜர். மேனேஜர் செய்த மாற்றங்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு அப்படியே மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டுக்கு ஆட்டம் பார்க்கப் போகும் குடும்பங்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. அதனால் அந்த மே மாதத்தை நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. 9 வெற்றி, 19 தோல்வி. ஜூன் 2 அன்று கணக்கு 24-35. அதாவது வெற்றியைவிடத் தோல்வி 11 அதிகம். அங்கிருந்து கிளம்பிய அதே அணி மீதி ஆட்டங்களில் 65 வென்று 38 தோற்று, 89-73 என்று முடித்து, தேசிய லீகின் சாம்பியன்ஷிப் தொடர் வரை, அதாவது இறுதித் தொடருக்கு ஒரு படி முன்பு வரை, போனது.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். நல்ல ஆட்டக்காரர்கள் எப்போதும் மோசமாக ஆட மாட்டார்கள், மெட்ஸின் நட்சத்திரம் பிரான்சிஸ்கோ லின்டோர் எப்படியும் தன் பழைய ஆட்டத்துக்குத் திரும்பியிருப்பார், இதில் மேனேஜர் கார்லோஸ் மென்டோசாவுக்கு என்ன பெருமை என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, லின்டோர் மோசமான ஆட்டக்காரர் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மே மாத நடுவில் அவருடைய பேட்டிங் சராசரி .200-க்கும் கீழே, அதாவது ஐந்து முயற்சிக்கு ஒரு நல்ல அடிகூட இல்லை. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் முணுமுணுத்த நேரம். அப்படி ஒருவரை வைத்திருக்கும் மேனேஜர் சாதாரணமாக என்ன செய்வார்? பேட்டிங் வரிசையில் ஆறாவது, ஏழாவது இடத்துக்கு இறக்கிவிட்டு, "அழுத்தம் குறையட்டும்" என்பார். யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். மென்டோசா மே 18 அன்று அவரை மேலே ஏற்றினார். அதுவரை பெரும்பாலும் பிரான்டன் நிம்மோதான் முதல் ஆள். அவரைக் கீழே கொண்டுவந்து, லின்டோரை முதலில் அனுப்பினார். அப்போது மென்டோசாவுக்கு மேனேஜராக அது முதல் ஆண்டு. அதற்கு முன்பு நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸில் பெஞ்ச் கோச்சாக, அதாவது மேனேஜரின் துணையாக, இருந்தவர். மேனேஜராக முதல் சீசன் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவர் எடுத்த முடிவு இது.

லின்டோர் தானாகத் திரும்பியிருப்பார் என்பதை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். ஏழாவது இடத்தில் திரும்பியிருந்தால் அணிக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்பது பேர் வரிசையாகச் சுழன்று சுழன்று பேட் செய்வார்கள்; அவர்களில் யார் பேட் செய்யும்போது வேண்டுமானாலும் ஒரு ஆட்டம் முடியலாம். ஆகவே வரிசையில் ஒரு படி மேலே இருப்பவருக்கு, ஏறக்குறைய ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு முறை கூடுதலாகப் பேட் செய்யும் வாய்ப்பு வரும். 162 ஆட்டத்துக்கு அது 18 முறை. ஏழாவது இடத்துக்கும் முதல் இடத்துக்கும் ஆறு படி. ஒரு முழு சீசனில் நூறுக்கும் மேற்பட்ட வாய்ப்பு! 33 ஹோம் ரன், 29 பேஸ் திருட்டு (பந்தை அடிக்காத நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) என்று அந்த ஆண்டை முடித்து, தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதில் டாட்ஜர்ஸ் அணியின் ஒடானிக்கு அடுத்து வந்த ஒருவருக்கு அந்த வாய்ப்புகள் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒன்றா? அப்புறம் நிம்மோ. அவருடைய சராசரி அந்த ஆண்டு பெரிதாக இல்லைதான். ஆனால் அதுவரை அவர் எந்த ஆண்டும் எட்டாத 90 ஆர்பிஐ, அதாவது அவர் பேட்டிங்கால் அணிக்கு வந்த ரன்கள், அவருக்கு வந்தது. முன்னால் இருப்பவர்கள் பேஸில் நின்றால்தான் பின்னால் வருபவர் அவர்களை உள்ளே கொண்டுவர முடியும்.

"வரிசையை மாற்றிய பிறகும் தோற்றார்களே" என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். மே 18 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மயாமியில் நடந்தது. லின்டோர் முதல் ஆளாக இறங்கிய அன்றைக்கு மெட்ஸ் எடுத்தது ஒன்பது ரன். வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 9-5 என்று முன்னிலை. பந்து வீச வந்தவர் க்ளோசர், அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பந்துவீச்சாளர், எட்வின் டியாஸ். நான்கு ரன்னையும் கொடுத்தார். சமனாகி நீண்ட ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் 10-9 என்று தோல்வி. வெற்றி தோல்விப் பட்டியலில் இது தோல்வியாகத்தான் இருக்கும். ஆனால் அன்று தோற்றது பேட்டிங் வரிசையா? மாதக் கணக்கை வெறும் எண்ணாகப் பார்ப்பவருக்கு அந்த நாள் ஒரு தோல்வி, அவ்வளவுதான். உள்ளே இறங்கிப் பார்ப்பவருக்கு எது சரியாகிவிட்டது, எது இன்னும் உடைந்திருக்கிறது என்று இரண்டும் தெரியும். மென்டோசாவுக்குத் தெரிந்தது. உடனே டியாஸை க்ளோசர் இடத்திலிருந்து விலக்கினார். மாதக் கடைசியில் தோள்பட்டைப் பிரச்சினையால் காயப் பட்டியலுக்குப் போன டியாஸ், ஜூன் நடுவில் திரும்பினார்.

தேர்ட் பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்துக்கு வருவோம். ஏப்ரல் 28 அன்று மார்க் வியன்டோஸ் பதினோராவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். அப்படியும் மெட்ஸ் அவரை மறுபடி மைனர் லீகுக்கு அனுப்பியது. அது எனக்கு இன்றும் வருத்தம். அந்த முடிவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மே நடுவில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். மே 31 அன்று அதுவரை அந்த இடத்தில் ஆடிய பிரெட் பேட்டியை மெட்ஸின் மைனர் லீக் அணியான சிரக்யூஸுக்கு அனுப்பி, தேர்ட் பேஸை வியன்டோஸிடமே கொடுத்தார்கள். அதே நாளில் ஹோசே இக்லேசியஸும் வந்து சேர்ந்தார். 27 ஹோம் ரன் வியன்டோஸ் அடித்தது. 85 ஆட்டத்தில் .337 சராசரி இக்லேசியஸ் எடுத்தது. இவர்கள் பெஞ்சிலோ சிரக்யூஸிலோ இருந்திருந்தால், காலம் எத்தனை முறை திரும்பினாலும் இந்த எண்கள் மெட்ஸ் கணக்கில் ஏறியிருக்குமா?

ஜூன் 12 அன்று மெக்டொனால்ட்ஸின் கிரிமேஸ் என்ற ஊதா நிற பொம்மை ஆட்டத்துக்கு முன் சடங்கான முதல் பந்தை வீசியது, அதன்பின் ஏழு ஆட்டம் தொடர்ந்து வெற்றி, ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம் என்றார்கள். ரசிகர்களுக்கு அது கொடுத்த சந்தோஷத்தை நான் மதிக்கிறேன். அதை வாதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிரணியின் பலமான சீட்டு வேறு, அதை அவர்கள் சரியாக ஆடவில்லை: கட்டைவிரல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேட்சர் பிரான்சிஸ்கோ அல்வாரெஸ் ஜூன் 11 அன்று திரும்பியது. அது எந்த மேனேஜர் முடிவாலும் வந்ததல்ல. அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது மெட்ஸ், மே மாதத்தில் தோற்றுக்கொண்டிருந்த அந்தப் பழைய வரிசை இல்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதுதான். மென்டோசா எல்லோரையும் மாற்றவில்லை, எல்லோரையும் அப்படியே விட்டுவைக்கவும் இல்லை. அடி வாங்கிய மாதத்தில் யார் உண்மையில் தடுமாறுகிறார், யாருக்கு எண்கள் மட்டும் எதிராக இருக்கின்றன என்று பிரித்தார். ஒருவரை ஏற்றினார், ஒருவரை இறக்கினார், ஒருவருக்கு ஓய்வு கொடுத்தார்.

பேட்டிங் வரிசையைச் சரிசெய்வதால் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து ரன்தான் கிடைக்கும், அது அற்பம் என்றார் எதிரணித் தலைவர். பேஸ்பால் கணக்கில் பத்து ரன் என்பது ஏறக்குறைய ஒரு வெற்றி. 2024-இல் மெட்ஸ், அட்லாண்டா, அரிசோனா மூன்று அணிகளும் 89-73. அதில் பிளேஆஃப் சுற்றுக்குப் போகாமல் அரிசோனா வெளியே. மெட்ஸ் 88-74 என்று முடித்திருந்தால் வெளியே போயிருப்பது யார்?

கடைசியாக, செப்டம்பர் 30, அட்லாண்டா பிரேவ்ஸுடன் ஆட்டம். ஒரு வெற்றி கிடைத்தால் பிளேஆஃபுக்கு உள்ளே. எட்டாவது இன்னிங்ஸில் டியாஸ் முன்னிலையைக் கோட்டைவிட்டார், 7-6 என்று பிரேவ்ஸ் முன்னே. ஒன்பதாவதில் ஸ்டார்லிங் மார்த்தே பேஸில் நிற்க, பேட் செய்ய வந்தவர் வரிசையின் முதல் ஆள் லின்டோர். முதுகு வலியிலிருந்து திரும்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு ரன் ஹோம் ரன். 8-7. அப்புறம் ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியை, அதாவது பிரேவ்ஸ் பேட் செய்யும் பகுதியை, முடிக்க மென்டோசா யாரை வைத்திருந்தார்? சற்று முன் ஆட்டத்தைக் கைவிட்ட அதே டியாஸை. மே மாதத்தில் விலக்கியவரும் அவர்தான், அன்று மாற்றாமல் நம்பியவரும் அவர்தான். டியாஸ் ரன் கொடுக்காமல் முடித்தார். இதில் எந்த முடிவைக் காலம் எடுத்தது என்று எதிரணியில் அடுத்துப் பேசுபவர் சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.