தையல் மெசினும் தொய்வும்

நடுவர் அவர்களே, நல்லூரடியில் கூடியிருக்கும் பெரியோர்களே!

விட்டுப்போன குடும்ப நட்பைத் தேடிச் சென்று புதுப்பிக்க வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன். எதிரணி நண்பர் சொன்னார்: "பல வருடம் பேச்சில்லாமல் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கிளறாமல் விடுவதே மரியாதை." காரணம் இருக்கிறது, ஐயா. ஆனால் எங்கள் ஊரில் அது பெரும்பாலும் சண்டையில்லை. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

இரண்டு வளவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு மாமி. இரத்த உறவில்லை, அப்பாவின் சிநேகிதருடைய மனைவி. 1993இல், போர்க் காலத்தில், அவர்கள் கிளாலிக் கடனீரேரியில் இரவுப் படகேறிக் கொழும்புக்குப் போனார்கள். படகில் கொண்டுபோக முடியாத தையல் மெசினை அம்மாவிடம் தந்து, "வரும்வரைக்கும் வைத்திருங்கோ" என்றார் மாமி. அம்மா வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் விடுவார்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள ஊர்களுமான வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. ஒரு சைக்கிள்தான் எங்களிடம் இருந்தது. காரியரில் ஆச்சியை ஏற்றினோம். மெசினை எதில் ஏற்றுவது? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகூட இல்லை.

மாமி அந்த முகவரிக்கு எழுதியிருப்பார். ஆளில்லாத வீட்டுக்குக் கடிதம் வந்து என்ன பயன்? பிறகு அவர்கள் கனடா போனார்கள் என்று கேள்விப்பட்டோம். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, பிறகு மறுபடி திறந்தது. 2014இல் யாழ்தேவி ரயிலும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. "அடைக்கலமாகத் தந்ததைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு பேசுவது?" என்பார்.

இதுதான் ஐயா எங்கள் மௌனம். எதிரணி இதை மரியாதை என்கிறது. நான் வெட்கம் என்கிறேன். வெட்கத்துக்கு மருந்து பேச்சுத்தான்.

இன்னொன்றும் சொன்னார்கள்: "வெளிநாட்டிலிருப்பவருக்குப் போன் எடுத்தால் காசு கேட்கத்தான் எடுக்கிறான் என்று நினைப்பார்கள்." இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நினைக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கென்று ஏன் போக வேண்டும்? ஊர்ப் புதினம் சொல்லப் போங்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வேலிக் கதியால் எப்படித் தழைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். அங்கே பனிக்குள் இருப்பவருக்கு அதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

மாமியின் இலக்கம் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? 2017இல், பத்திரிகையில் வந்த ஒரு மரண அறிவித்தலில். மாமாவின் தம்பி தவறிவிட்டார். கீழே "தொடர்புகளுக்கு" என்று நான்கு இலக்கங்கள். நாங்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க யாராவது சாக வேண்டியிருக்கிறது, நடுவர் அவர்களே!

நான்தான் எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்றார், கை நடுங்கியது. மெசினைப் பற்றித்தான் கேட்பார் என்று பயந்தோம். மாமி என் குரலைக் கேட்டதும் அழுதார். பிறகு முதலாவதாகக் கேட்டது இது: "பிள்ளை, கொப்பரின் தொய்வு இப்போது எப்படி இருக்கிறது?"

அப்பா இறந்து ஆறு வருடம். மாமிக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செத்தவீட்டில் அழுதிருக்க வேண்டியவர், அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலையில் எங்களோடு நின்றிருக்க வேண்டியவர், அப்பாவின் தொய்வை, அந்த மூச்சிரைப்பை, இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார். மெசினுக்குப் பயந்து நாங்கள் அவரிடமிருந்து பறித்தது இதை.

இந்த வருடம் நல்லூர்த் தேருக்கு மாமி வருகிறார். மெசின் போன கதையை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நேரில் தானே சொல்வதாக அம்மா சொல்லிவிட்டார். மாமி படுக்கும் அறைக்கு நேற்றுத்தான் வெள்ளையடித்து முடித்தோம்.