வைரஸே செய்து கொடுக்கும் மருந்து

ஆரோக்கியமான செல்லுக்குள் போனால் ஏறக்குறைய எதுவுமே செய்யாத அசைக்ளோவிர் என்ற மருந்து, ஹெர்பிஸ் வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனதும் அந்த வைரஸைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது. எப்படி?

பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். வாயோரக் கொப்புளம், சின்னம்மை, அக்கி எல்லாம் ஹெர்பிஸ் குடும்பத்து வேலை. வந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். கீமோதெரபி, உறுப்பு மாற்று, எச்.ஐ.வி. என்று எதிர்ப்புச் சக்தி சரிந்தால் மீண்டும் எழும். நுரையீரல், மூளை வரைகூடப் போகும்.

[திரையில்: அசைக்ளோவிர் மூலக்கூறு]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அசைக்ளோவிர் உள்ளே போகும்போது பச்சை அரிசி மாதிரி. அதை உலையேற்றுவது வைரஸ். தைமிடின் கைனேஸ் என்ற தன் நொதியால் வைரஸ் அதில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டு ஒன்றை முதலில் ஒட்டுகிறது. நம் செல்லிலும் அதே பெயரில் ஒரு நொதி உண்டு, ஆனால் அது இந்த மருந்தைச் சீண்டுவதே அரிது. அடுத்த இரண்டு பாஸ்பேட்டுகளை நம் செல்லின் நொதிகள் சேர்க்கின்றன. இப்போது அது டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள் போலவே தோன்றும். வைரஸ் நம்பி எடுத்துத் தன் டி.என்.ஏ. சங்கிலியில் கோக்கும். அடுத்த கண்ணியை மாட்டக் கொக்கியே இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கெர்ட்ரூட் எலியான், முனைவர் பட்டம் முடிக்காமலே 1988இல் நோபல் பரிசு பெற்றவர். உறுப்பு மாற்றத்துக்காக எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசாதையோபிரின் மருந்தும் அவருடைய ஆய்வகத்தில் பிறந்ததுதான்! அந்த மருந்தின் துணையோடு 1962இல் பாஸ்டனில் உறவினர் அல்லாத ஒருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அப்படித் தணிக்கப்பட்ட உடலை ஹெர்பிஸிடமிருந்து காக்கும் அசைக்ளோவிரும் அதே குழுவிடமிருந்து வந்தது. 1981இல் எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகள் 20 பேரிடம் சோதித்தபோது, வெற்று மருந்து பெற்ற 10 பேரில் 7 பேருக்கு ஹெர்பிஸ் வந்தது. அசைக்ளோவிர் பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

ஹெர்பிஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோவைரசிடம் அந்தத் தைமிடின் கைனேஸ் நொதி இல்லாததால் அதற்குக் கான்சிக்ளோவிர் என்ற வேறு மருந்து தேவை. ஆனால் அந்த மருந்து ரத்த அணுக்களைக் குறைக்கும்.

ஒரு வேண்டுகோள். அக்கி வந்தால் காவியால் எழுதுவது நம் ஊர் வழக்கம். வீட்டில் மாற்று உறுப்போடு வாழ்பவரோ கீமோதெரபி எடுப்பவரோ இருந்தால், அதற்காகக் காத்திருக்காதீர்கள். கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு முடிவாகும் என்பதால், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.