துணியில் தைத்த பொன், கழுத்தில் கோத்த காசு

அவையோருக்கு வணக்கம்.

நான் கையில் ஏந்தியிருப்பது ஆப்கானிஸ்தானின் கூச்சிப் பெண்கள் அணியும் மார்புப் பதக்கம். பாரசீக மொழியில் ‘கூச்’ என்றால் இடம்பெயர்தல். ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் ஊர்விட்டு ஊர் செல்லும் பஷ்தூன் நாடோடிகளுக்கு அதுவே பெயராயிற்று. பதக்கத்தின் நடுவில் சிவப்புக் கண்ணாடிக் கல் ஒன்று, சுற்றிலும் கடுகு போன்ற உலோக உருண்டைகள், கீழே சங்கிலிகளில் தொங்கும் ஏழு காசுகள். அவற்றுள் ஒன்றில், மூக்கு தேய்ந்துபோன விக்டோரியா அரசியின் முகம் தெரிகிறது.

அந்த அரசி இந்த மலைநாட்டுப் பெண்ணின் மார்புக்கு எப்படி வந்தார்? கோடையில் ஆப்கன் மேட்டுநிலங்களில் மந்தை மேய்த்த கூச்சிகளில் பலர், குளிர்காலத்தில் சிந்துச் சமவெளிக்கு இறங்கி வணிகமும் செய்தார்கள். திரும்பும்போது கையில் இருந்தது பிரிட்டிஷ் இந்திய ரூபாய். அதன் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு தூய வெள்ளி. தட்டாரிடம் கொண்டுபோய் உரசிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத வெள்ளி அது. வீடும் பெட்டகமும் இல்லாத குடும்பம் தன் சேமிப்பைக் காசுக்கொரு வளையம் பற்றவைத்துப் பெண்ணின் கழுத்தில் ஏற்றியது. பஞ்சம் வந்தால் ஒன்றைக் கழற்றி விற்கலாம். அழகு என்று நாம் பார்ப்பதில் பாதி கணக்கு வழக்கு.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. வட ஆப்கானிஸ்தானில் ஷிபர்கான் நகருக்கு அருகே உள்ள தில்லா தெப்பே என்னும் மேட்டை, விக்டர் சாரியானிடி தலைமையிலான சோவியத்–ஆப்கன் அகழாய்வுக் குழு 1978-இல் தோண்டியபோது, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆறு கல்லறைகளும் அவற்றில் 20,000-க்கும் மேற்பட்ட அணிகலன்களும் வெளிப்பட்டன. புதைக்கப்பட்டவர்கள் ஐந்து பெண்களும் ஓர் ஆணும். அந்தப் பொன்னில் பெரும்பகுதி ஆடைகளில் தைப்பதற்கென்று துளையிட்ட சிறுசிறு தகடுகள். ஒரு பெண்ணின் பொற்கிரீடத்திலோ, மரவடிவில் அமைந்த ஐந்து பகுதிகளைத் தனித்தனியே கழற்றி மடக்கி வைத்துக்கொள்ளலாம். கூடாரத்தைப் பிரித்துக் கட்டிப் பழகிய கைகளுக்குத்தான் இப்படியொரு கிரீடம் தோன்றும்.

அதே பெண்ணிடம் கிடைத்த ஒரு சிறு உருவத்தைப் பாருங்கள். கிரேக்கக் காதல் தெய்வமான அப்ரோடைட்டிதான். ஆனால் தோளில் சிறகுகள், நெற்றியில் இந்தியப் பொட்டு, கைகளில் வளைகள். பக்கத்துக் கல்லறைகளில் ரோமப் பேரரசர் டைபீரியசின் பொற்காசும் சீன வெண்கலக் கண்ணாடியும் இருந்தன. இதைப் பண்பாட்டுக் கலப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. கலப்பு தானாக நிகழ்வது. இங்கே ஒரு பொற்கொல்லர், வந்த தெய்வத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார்.

வடக்கே துருக்மேனியரிடம் இந்தத் தெரிவு இன்னும் கறாரானது. வெள்ளியின்மேல் பாதரசமும் பொன்னும் சேர்ந்த கலவையைப் பூசி, நெருப்பில் காட்டி முலாம் ஏற்றுவார்கள். பதிக்கும் கல் பெரும்பாலும் சிவந்த அகீக். அது காவல் தரும் என்பது நம்பிக்கை. சடையின்மேல் முதுகில் தொங்கும் இதயவடிவ அசிக், மந்திர எழுத்தை உள்ளே வைத்து மூடும் துமார் என்னும் தாயத்துக் கூடு ஆகியவற்றில் அந்தச் சிவப்புதான் ஓங்கி நிற்கும். படக்ஷான் மலையில் சர்-இ-சங் சுரங்கத்தின் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல் உலகமெங்கும் தேடப்பட்டதாயினும், துருக்மேனிய மணப்பெண்ணின் வெள்ளியில் அதைக் காண்பது அரிது. அண்டையில் விளைந்த கல் என்பதற்காக எவரும் அதை அணிந்துவிடவில்லை.

1961-இல் பாகிஸ்தான் எல்லை மூடப்பட்டது, கூச்சிகளின் பழைய வழி அறுந்தது, பிறகு போர்கள். வெள்ளி இருந்த இடத்தில், பெயரில் மட்டும் வெள்ளியுள்ள ஜெர்மன் சில்வர் என்னும் உலோகக் கலவையும், கல் இருந்த இடத்தில் கண்ணாடியும் பெருகின. இன்று பழையது என்று சொல்லி விற்கப்படுவதில் அச்சில் அடித்த புதுச்சரக்கு ஏராளம்.

என் பதக்கத்தில் இருப்பதும் கண்ணாடிதான். ஆனால் பின்புறம் நான்கு மூலைகளிலும் கொக்கிகள் உள்ளன. இவற்றில் ஒன்றில், அதை ஒரு சட்டையோடு தைத்திருந்த சிவப்பு நூலின் துண்டு இன்னும் சிக்கியிருக்கிறது.