"உந்துதல் என்ன சார்?" இந்தக் கேள்வியை நிறுத்துங்க மக்களே!

வணக்கம் மக்களே. ரெக்கார்டு ஆகுதா... ஆகுது, சிவப்புப் புள்ளி இருக்கு.

இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் உக்காந்திருக்கேன். நந்தனத்துல புத்தகக் கண்காட்சி முடிஞ்சதுல இருந்து எழுத்தாளர் பேட்டியாவே பாத்துட்டு இருக்கேன். 14 பேட்டி. அதுல 11-ல முதல் கேள்வி என்ன தெரியுமா? "இந்த நாவலை எழுத உங்களுக்கு உந்துதலா இருந்தது எது சார்?" உடனே அவர் கண்ணை மேல தூக்கி, "சின்ன வயசுல எங்க பாட்டி கதை சொல்லுவாங்க..." அவ்ளோதான். மீதி 20 நிமிஷமும் பாட்டிதான்.

பாட்டி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கேள்விதான் கோளாறு. புத்தகம் வந்ததுல இருந்து அவர் பத்து மேடையில இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாரு. பதில் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. நீங்க கேட்டதும் அந்தக் கூழாங்கல்லை எடுத்துக் கையில குடுக்குறாரு. அவர் மேல தப்பே இல்ல.

சரி, வேற என்ன கேக்குறது? முதல்ல முன்னுரையைப் படிங்க. நான் முன்னுரைப் பைத்தியம்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். கல்கி "சிவகாமியின் சபதம்" முன்னுரையில அவரே சொல்லிட்டாரு, மாமல்லபுரம் கடற்கரையில அவர் நண்பர், இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. கூட உக்காந்திருந்த ராத்திரியிலதான் விதை விழுந்துச்சுன்னு. அச்சுல இருக்கிறதை மறுபடி வாயால வாங்கி என்ன பண்ணப் போறோம்? அதுக்கு அடுத்த கேள்வி வேணும். கடற்கரையில விழுந்தது எப்ப முதல் அத்தியாயமா ஆச்சு, நடுவுல எது தடுத்துச்சு, இப்படி.

அப்புறம் சமர்ப்பணப் பக்கம். எல்லாரும் புரட்டித் தள்ளிட்டுப் போற பக்கம் அது. பெருமாள்முருகன் "பூக்குழி" நாவலைத் தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்காரு. சாதி மாறிக் கல்யாணம் பண்ணி, 2013-ல செத்துப் போன பையன் அவன். ஒரு வரிதான். அதைப் படிக்காம அவர் முன்னாடி போய் உக்காந்து "ஏன் சார் சாதி மறுப்புக் கல்யாணத்தைப் பத்தி எழுதுனீங்க"ன்னு கேட்டா, அவர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு?

இன்னொண்ணு. உந்துதல்னாலே மின்னல் வெட்டுற மாதிரி ஒரு நினைப்பு நமக்கு. பெரிய நாவல் பலதும் கூலி வேலை மாதிரி உழைச்சு வந்தது. பெருமாள்முருகனோட "மாதொருபாகன்" திருச்செங்கோட்டைப் பத்தின கள ஆய்வுல இருந்து வந்துச்சு. அதுக்கு பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நல்கை, அதாவது ஆய்வுக்கான பண உதவி, குடுத்துச்சு. பூமணியோட "அஞ்ஞாடி" நாவலுக்கும் அங்க இருந்துதான் நல்கை. அதுல 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் எல்லாம் வருது. இப்படி ஒருத்தர் கிடைச்சா "உந்துதல் என்ன"ன்னு கேட்டு வீணடிக்காதீங்க. முதல்ல கைக்குக் கிடைச்ச காகிதம் எது? எந்த ஆவணம் நீங்க நினைச்சதைப் பொய்யாக்குச்சு? தேடிப் போய்க் கிடைக்காம, நீங்களே கட்டிக்கிட்டது எது? கடைசிக் கேள்விக்குத்தான் ஆள் நிமிர்ந்து உக்காருவாரு.

நான் கைவசம் வச்சிருக்குற கேள்வி ரெண்டு சொல்றேன், திருடிக்கோங்க. ஒண்ணு, "முதல்ல எழுதின பக்கம் இப்ப அச்சுல எத்தனாவது பக்கம்?" பல பேருக்கு நாவல் நடுவுல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கையில குடுங்க, அவரே வாய்விட்டுப் படிக்கட்டும். விதை அங்கதான் கிடக்கும். ரெண்டு, "யாரைப் பாதியிலயே வெட்டிட்டீங்க?" வெட்டின பாத்திரத்தைப் பத்திப் பேசும்போது எழுத்தாளர் முகத்தைப் பாக்கணுமே!

கேள்வி 15 எழுதிட்டுப் போங்க, ஆனா 5-ஐத்தான் நம்புங்க. மிச்சம் எல்லாம் அவர் பதில்ல இருந்து பிறக்கணும். 1958-ல பாரிஸ் ரிவ்யூ பத்திரிகையில அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பேட்டி. "ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்" நாவலோட கடைசிப் பக்கத்தை 39 தடவை மாத்தி எழுதினேங்கிறாரு. நம்மாளா இருந்தா "அற்புதம் சார்"னு அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பான். பேட்டி எடுத்த ஜார்ஜ் பிளிம்ப்டன் தாவல. அதுல என்ன சிக்கல், எது உங்களை மடக்குச்சுன்னு கேட்டாரு. வார்த்தைகளைச் சரியா அமைக்கிறதுதான்னு பதில் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் சொல்றது அந்த ரெண்டாவது பதிலைத்தான்.

பதில் முடிஞ்சதும் 4 செகண்ட் வாயை மூடிட்டு இருங்க. மனசுக்குள்ள எண்ணுங்க. ரொம்ப நீளமாத் தெரியும், பரவால்ல. அந்த இடைவெளியில "ஆனா ஒண்ணு..."ன்னு அவரே ஆரம்பிப்பாரு. அதுதான் சரக்கு. நடுவுல "ம்ம், ஆமா சார், சூப்பர் சார்" எல்லாம் வேணாம், தலையை ஆட்டுங்க போதும். எடிட்ல உங்க "ம்ம்" அவர் சொல் மேல ஏறி உக்காந்தா பிரிச்செடுக்கவே முடியாது.

ஹான், மைக்! இதைச் சொல்லாம எப்படி.

இதோ பாருங்க, கேமரா கிட்ட காட்டுறேன். எலிக்குட்டி மாதிரி இருக்குல்ல, காலர் மைக் மேல மாட்டுற முடி கவர். இது தொலைஞ்சா தனியா வாங்க ஆன்லைன்ல ஜோடி 399 ரூபா. முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது, இந்த முடிக்கு! சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி தெருவுல ஒண்ணு 60 ரூபா. ரெண்டையும் மாட்டி, டேபிள் ஃபேனை முன்னாடி வச்சுக் கேட்டுப் பாத்தேன். வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யம் மக்களே! ஒரே ஒரு விஷயம், அமுக்கி மாட்டுறது கழண்டு விழும். திருகிப் பூட்டுறதா வாங்குங்க. அதுவும் அதே 60 ரூபாதான். வெறும் பஞ்சு கவர் வெளியில பத்தாது. காத்து மைக் மேல மோதுற அந்த "புப்பு புப்பு" சத்தம் வந்துட்டா, எடிட்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற கனத்த சத்தத்தை வெட்டினாலும் முழுசாப் போகாது.

மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழ குத்துங்க. கஞ்சி போட்ட கதர்ச் சட்டைன்னா பட்டன் பட்டியில மட்டும்தான், மடிப்புல குத்தினா மொறமொறன்னு கேக்கும். கழுத்துல ருத்ராட்சம், சங்கிலி இருந்தா சட்டைக்குள்ள விடச் சொல்லுங்க. "அம்மா, பட்டுப்புடவைத் தலைப்பு மைக்ல உரசுது, கொஞ்சம் பின் குத்திக்கலாமா"ன்னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உங்க மைக், அவர் மைக் ரெண்டும் தனித்தனி டிராக்ல ஏறணும், செட்டிங்ல மோனோன்னு இருந்தா ஸ்டீரியோவுக்கு மாத்திடுங்க. மீட்டர்ல உச்ச சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கட்டும். சிரிச்சா ஏறும், பூஜ்யத்தைத் தாண்டாம இருக்கத்தான் அந்த இடைவெளி.

இடம் அவங்க வீட்டுப் புத்தக அலமாரி முன்னாடின்னா உத்தமம். அழகுக்காகச் சொல்லல, புத்தகம் எதிரொலியைக் குடிச்சிடும். வெறும் சுவர் ஹால்ல எடுத்தா கிணத்துக்குள்ள பேசின மாதிரி இருக்கும். ஃபோன்ல எடுக்கிறவங்க ஏரோப்ளேன் மோடு போடுங்க, நடுவுல கால் வந்தா ரெக்கார்டிங் நின்னுடலாம். 4கே, 30 ஃப்ரேம்னா ஐஃபோன்ல நிமிஷத்துக்கு 170 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி காலி பண்ணி வைங்க. பழைய ஸ்டில் கேமரா பலது 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும். 30 நிமிஷம் ஓடினா வீடியோ கேமரான்னு கணக்காகி ஐரோப்பாவுல அப்பல்லாம் சுங்க வரி கூடுமாம், அதுக்குப் பயந்து வச்ச பூட்டு. எவனோ கட்டாத வரிக்கு நம்ம பேட்டி பாதியில அறுந்து போகுது!

இன்னும் ஒண்ணு, முதல்லயே சொல்லியிருக்கணும். "இந்தப் பாத்திரம் நிஜத்துல யாரு?"ன்னு கேமரா ஓடும்போது திடீர்னு கேக்காதீங்க. ரெக்கார்டுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ஜெயமோகனோட "யானை டாக்டர்" டாக்டர் கே., அதாவது யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பத்தினதுங்கிறது ஊரறிஞ்சது, அங்க தாராளமாக் கேக்கலாம். எல்லாக் கதையும் அப்படி இல்ல. ஊர்ப் பேரு, ஆள் பேரு வெளியில வந்தா வம்பு எழுத்தாளருக்குத்தான். திருச்செங்கோட்டுல எதிர்ப்புக் கிளம்பின "மாதொருபாகன்" விவகாரம் 2016 ஜூலையில சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு வரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

முடிக்கலாம்னு பாத்தா... அறைச் சத்தம்! பேட்டி முடிஞ்சதும் மைக்கைக் கழட்டாம 30 செகண்ட் எல்லாரும் சும்மா உக்காரணும். எடிட்ல இருமலை வெட்டின இடத்துல அந்தச் சத்தத்தை வைக்கணும், இல்லன்னா திடீர்னு காது அடைச்ச மாதிரி இருக்கும். ஃபேன் ஆஃப் பண்ணிப் பேசியிருந்தா ஆஃப்லயேதான் எடுக்கணும். இந்த வீடியோவுக்கே இன்னும் எடுக்கல பாருங்க. இப்பவே எடுத்துடுறேன், யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க.

...

...

ஆச்சு, 30. ஃபேனைப் போட்டுக்கிறேன், வேர்த்துக் கொட்டுது.